வாக்குத்தத்தத்தை நம்புவோன் வாழ்வு

கிறிஸ்தவர்களின் வழக்கில் அடிக்கடி எடுத்தாளப்படும் சொற்களுள் வாக்குத்தத்தம் என்பது ஒன்று. ஆலயத்திலும், வீட்டு ஜெபத்திலும், புத்தாண்டு ஆராதனையிலும், நோயாளியின் படுக்கையருகிலும் அச்சொல் வழங்குகின்றது. வாக்கு என்பது சொல். தத்தம் என்பது கொடை. நீர் வார்த்துக் கொடுக்கும் கொடையைத் தத்தம் என்று முன்னோர் கூறினர். அவ்வாறு கொடுத்ததை மீளப் பெறுதல் மரபன்று. ஆகவே வாக்குத்தத்தம் என்பது வாக்கினாலேயே கொடுத்து முடிந்த கொடை எனப் பொருள்படும். பொருள் கைக்கு வந்து சேரக் காலம் செல்லலாம். ஆனால் கொடுத்தவர் கொடுத்துவிட்டார் என்பதில் ஐயமில்லை.

ஈழத்துத் தமிழரிடையே இதற்கு இனமான இன்னொரு சொல் உண்டு. காணிக்குரிய சாசனத்தை அவர்கள் உறுதி என்பர். உறுதியைப் பெற்றவன் அதைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு என்ன செய்கின்றான்? நாள்தோறும் அதை எடுத்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருப்பதில்லை. எல்லை பார்த்து வேலி அடைக்கின்றான், கிணறு வெட்டுகின்றான், தென்னம்பிள்ளை நடுகின்றான். காய் காண ஆண்டுகள் பல செல்லும் என்பதை அறிந்தே நடுகின்றான். காணி தன்னுடையது என்ற நிச்சயமே அவன் கையில் மண்வெட்டியைக் கொடுக்கின்றது.

இறைவனுடைய வாக்குத்தத்தத்தை நம்புதல் என்பதும் இத்தகையதே. இதற்கு வேதாகமத்திலேயே பொருத்தமானதொரு சரித்திரம் உண்டு. எரேமியா தீர்க்கதரிசியின் காலத்தில் பாபிலோனியப் படை எருசலேம் நகரை முற்றுகையிட்டிருந்தது. நகரம் வீழப்போகின்றது என்று அவரே பலமுறை உரைத்திருந்தார். அப்படி உரைத்ததற்காகவே அரசன் அவரைக் காவலில் வைத்திருந்தான். அந்த வேளையில் அவருடைய தகப்பனின் உடன்பிறந்தவரின் மகன் வந்து, ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்டான். பகைவரின் படை மிதித்து நிற்கும் நாட்டில் நிலம் வாங்குவார் யார்? ஆயினும் வீடுகளும் வயல்களும் தோட்டங்களும் அந்த நாட்டில் மீண்டும் வாங்கப்படும் என்பது இறைவனுடைய வாக்கு. எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகளை வைத்து உறுதி எழுதினார். நெடுநாள் கெடாதிருக்கும்படி அதை மட்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். நகரம் மீளும் என்று வாயினாற் சொல்வதோடு அவர் நின்றுவிடவில்லை. அதை நம்பிக் காசைக் கீழே வைத்தார். வாக்குத்தத்தம் அவருடைய பணப்பையையும் தொட்டது. எழுத்தையும் சாட்சியையும் தொட்டது. நம்பிக்கை உண்மையானதா அன்றா என்பதை அறிய இதனிலும் சிறந்த உரைகல் இல்லை.

வாக்குத்தத்தத்தைப் பற்றி இருவகைத் தவறான கருத்துகள் நிலவுகின்றன. நம்புகின்றவன் உழைக்க வேண்டுவதில்லை, கணக்குப் பார்க்க வேண்டுவதில்லை, எல்லாம் தானாக வரும் என்று எண்ணுவது ஒன்று. நம்புகின்றவனுக்கு இழப்பு வராது, நோய் அணுகாது, வழக்கு வெல்லும், பரீட்சை சித்திக்கும் என்று எண்ணுவது மற்றொன்று. முன்னையது சோம்பலுக்குப் பக்திப் போர்வை. பின்னையது இறைவனோடு செய்யும் வியாபாரம். இவ்விரண்டும் தவறு என்பதை விளக்குதற்கு, வாக்குத்தத்தத்தை நம்பியே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அன்றாட வாழ்வை நடத்திய ஒருவரின் சரித்திரம் துணைசெய்யும். அவர் ஜோர்ஜ் முல்லர் என்பவர்.

முல்லர் 1805ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டிற் பிறந்தார். தந்தையார் வரி சேகரிக்கும் உத்தியோகத்தர். மகனோ பத்து வயது நிரம்புவதற்கு முன்னரே தந்தையாரின் பொறுப்பிலிருந்த அரசாங்கப் பணத்தைத் திருடப் பழகிவிட்டார். தாயார் மரணத் தறுவாயிலிருந்த இரவில், நிலைமையை அறியாது, தோழரோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். பதினாறாம் வயதில் ஆடம்பரமான விடுதிகளிலே தங்கி, கட்டணம் செலுத்த வழியின்றிப் பிடிபட்டு, சில வாரங்கள் சிறையில் இருந்தார். தந்தையார் கடனைச் செலுத்திய பின்னரே விடுதலை கிடைத்தது. வாக்கைக் காப்பது என்பதை அறியாத இளைஞர் அவர்.

1825ஆம் ஆண்டு ஹாலே பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, ஒரு வீட்டில் நடைபெற்ற சிறிய ஜெபக்கூட்டத்திற்கு நண்பரொருவர் அவரை அழைத்துச் சென்றார். அங்கே ஒரு மனிதர் முழந்தாளிட்டு ஜெபித்தார். குருத்துவப் படிப்பைப் படித்துக்கொண்டிருந்த முல்லர், ஒருவர் முழந்தாளிட்டு ஜெபிப்பதை அதற்கு முன் கண்டதில்லை. அவருடைய வாழ்க்கை அன்று திரும்பியது.

ஹாலே நகரம் தமிழருக்கு முற்றும் அந்நியமானதன்று. அகஸ்து பிராங்கே என்ற பெரியார் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், கையிற் சிறு தொகையை மாத்திரம் வைத்துக்கொண்டு, இறைவனுடைய வாக்கை நம்பி அங்கே அநாதை இல்லமொன்றைத் தொடங்கினார். அவருடைய தொடர்பினாலேயே சீகன்பால்க் ஐயர் 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். அதே இல்லத்தில், வறிய மாணவர்க்கென இருந்த இலவச விடுதியிலே முல்லர் இரண்டு மாதம் தங்கினார். தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்துகளை வார்த்தனுப்பிய அந்த ஹாலே மரபே, பின்னர் முல்லர் மூலமாக இங்கிலாந்தில் வேறொரு கனியைக் கொடுத்தது.

முல்லர் இங்கிலாந்துக்குச் சென்று சபை ஊழியரானார். 1830ஆம் ஆண்டில், நிரந்தரமான சம்பளம் தமக்கு வேண்டாமென விட்டுவிட்டார். அக்காலத்தில் ஆலய ஆசனங்களுக்கு வாடகை பெறும் வழக்கம் இருந்தது. பணம் உள்ளவர்க்கு நல்ல ஆசனமும் ஏழைக்குப் பின்வரிசையும் கிடைப்பது முறையன்று என்று அவர் கருதினார். மனமுவந்து கொடுப்பவர் கொடுக்கட்டும் என்று ஒரு பெட்டியை வைத்ததோடு அவர் அமைந்தார். 1832இற் பிறிஸ்டல் நகருக்குக் குடியேறினார்.

அங்கே அவருடைய உள்ளத்தை வருத்தியது வீதியில் அலைந்த பிள்ளைகளின் நிலைமை மாத்திரமன்று. விசுவாசிகள் என்று சொல்லிக்கொண்டோரின் அச்சமும் அவரை வருத்தியது. ஓர் உழைப்பாளி நாளொன்றுக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் உழைத்து உடல் நலிந்தார். சிறிது குறைத்து ஜெபத்திற்கு நேரம் ஒதுக்கினால் குடும்பம் பட்டினி கிடக்கும் என்று அஞ்சினார். வியாபாரிகள் சிலர், அயல்கடைக்காரன் செய்யும் கள்ளத்தைத் தாமும் செய்யாவிட்டால் பிழைக்க முடியாதென்று கூறி மனச்சாட்சியோடு போராடினர். முதியோர், ஏழைகள் விடுதியிலே உயிர்விட நேருமோ என்று நடுங்கினர். ஞாயிற்றுக்கிழமை நம்புவதும் திங்கட்கிழமை அஞ்சுவதுமாக அவர்கள் சீவித்தனர். இறைவன் இன்றும் வாக்கு மாறாதவர் என்பதைக் கண்கூடாகக் காட்ட ஏதேனும் செய்யவேண்டும் என்று முல்லர் விரும்பினார்.

1835ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆந் திகதி, வாயை அகலத் திறப்பவனைத் தாமே நிரப்புவதாக இறைவன் கூறும் சங்கீத வாக்கியம் அவர் கண்ணிற் பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்திலேதான் அவருடைய குழந்தை மகன் இறந்திருந்தான். பிள்ளையைப் புதைத்த துயரம் ஆறாத ஆண்டிலேயே, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் வேண்டுமென அவர் ஜெபித்தார். ஒரு வீடும், 1000 பவுணும், தகுதியான துணையாளரும் வேண்டுமென்று கேட்டார். மனிதரிடம் கையேந்துவதில்லை, கடன் வாங்குவதில்லை என்பன அவர் வகுத்துக்கொண்ட விதிகள். பெற்ற ஒவ்வொரு சிலிங்குக்கும் கணக்கெழுதி அதை வெளியிட்டும் வந்தார்.

முதலிற் கொடுத்தோருள் ஒரு தையற்காரப் பெண் குறிப்பிடத்தக்கவர். உடல்நலம் குன்றிய அவர் வாரத்திற்குச் சில சிலிங்குகளே சம்பாதித்தார். அவர் 100 பவுண் கொண்டுவந்து கொடுத்தபோது முல்லர் திகைத்தார். அவசரத்தில் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்தலாகாது என்று எண்ணி, அப்பெண்ணை நேரில் அழைத்து விசாரித்தார். பாட்டியின் வழியாக அவருக்கு 480 பவுண் கிடைத்திருந்தது. தந்தையார் குடியினாற் கடன் வைத்து இறந்தவர். உடன்பிறந்தோர் பவுணுக்கு 5 சிலிங் வீதம் கொடுக்க, கடன் கொடுத்தோரும் அதை ஏற்றுக்கொண்டு கணக்கை முடித்திருந்தனர். சட்டப்படி வேறொன்றும் கொடுக்கவேண்டியதில்லை. ஆயினும் இப்பெண் ஒருவருக்கும் அறிவிக்காமல் எஞ்சிய 15 சிலிங்கையும் கொடுத்துத் தீர்த்தார். தாயாருக்கு 100 பவுண் கொடுத்தார். அதன் பின்னரே அநாதைகளுக்குக் கொடுக்க வந்தார். காணிக்கையிலும் பார்க்கக் கடன் முந்தியது என்பதை அவர் அறிந்திருந்தார். இறைவனுடைய வாக்கை நம்பியவர், இறந்த தந்தையின் வாக்கையுங் காப்பாற்றினார்.

வீடு கிடைத்தது, தளபாடங்கள் வந்தன, துணையாளர் சேர்ந்தனர். 1836ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதி பிள்ளைகளுக்கான விண்ணப்பங்களைப் பெற நாட் குறித்து, முல்லர் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. வீட்டுக்காகவும் பணத்திற்காகவும் பணியாளருக்காகவும் ஜெபித்த அவர், பிள்ளைகளுக்காக ஜெபிக்கவில்லை என்பது அப்பொழுதுதான் அவருக்குப் புலப்பட்டது. பிள்ளைகள் எப்படியும் வருவார்கள் என்று எண்ணியிருந்தார். அன்று மாலை அதற்காகவும் ஜெபித்தார். மறுநாள் முதலாவது விண்ணப்பம் வந்தது. பெரியவற்றுக்கு இறைவனை நம்பி, சிறியவற்றுக்குத் தன்னை நம்புதல் மனித இயல்பு. நாள் வாழ்வின் மிகச் சாதாரணமான பகுதியே மறக்கப்படுகின்றது. இந்தத் தவற்றை முல்லர் மறையாமல் எழுதிவைத்தார்.

1838ஆம் ஆண்டிலே பெருஞ் சோதனை வந்தது. மூன்று வீடுகளில் ஏறத்தாழ நூறு பிள்ளைகள் இருந்தனர். கையிருப்பு முற்றாகக் குறைந்தது. நிலைமையை வெளியிலே பறைசாற்றுவதில்லை என்பது விதி. உள்ளிருந்த பணியாளர் மாத்திரம் அறிவர். அவர்கள் வெறுமனே ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை. தமக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுத்தனர். தம்மிடமிருந்த சிறு சேமிப்பை எடுத்துவைத்தனர். தேவையில்லாத பொருள்களை விற்றனர். தன் கையிலுள்ளதைக் கொடாதவன் இறைவன் கொடுப்பார் என்று ஜெபிப்பது எங்ஙனம் என்பது அவர்களுடைய கேள்வி.

அவ்வாண்டு செப்தெம்பர் 18ஆந் திகதி, கையில் ஒன்றும் இல்லாத நிலை வந்தபோது, ஒரு பெண்மணி 3 பவுண் 2 சிலிங் 6 பென்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். லண்டனில் இருந்த அவருடைய மகள் கொடுத்தனுப்பிய பணம் அது. அவர் பிறிஸ்டலுக்கு வந்து சில நாட்களாகிவிட்டன. இல்லத்திற்கு அடுத்த வீட்டிலேதான் தங்கியிருந்தார். பிள்ளைகளுக்குரிய பணம் ஒரு சுவருக்கு அப்பால் இருந்த நாட்களில், இப்பால் இருந்தவர்கள் இல்லாமையோடு ஜெபித்துக்கொண்டிருந்தனர். ஆரம்பத்திலிருந்தே இறைவன் கொடுக்கத் திருவுளங்கொண்டிருந்தார் என்பதற்கு முல்லர் இதையே அடையாளமாகக் கண்டார். காத்திருக்கும் நாட்களெல்லாம் மறுக்கப்பட்ட நாட்கள் அல்ல.

நம்பிக்கை அயலாரிடத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கும் அவர் வாழ்வில் உதாரணம் உண்டு. 1845ஆம் ஆண்டு அக்டோபரில், அந்த வீதியில் வசித்த ஒருவர் பிள்ளைகளின் இரைச்சலினால் அயலார் படும் இடைஞ்சலை எடுத்துரைத்து மரியாதையான கடிதமொன்று எழுதினார். நாங்கள் செய்வது தருமப் பணி, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பதிலிறுப்பது எளிது. முல்லர் அவ்வாறு செய்யவில்லை. அவருடைய முறைப்பாடு நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, நகருக்கு வெளியே இடந் தேடினார். அந்தத் தேட்டத்தின் பயனாகவே அஷ்லி டவுன் என்னும் மேட்டில் 1849இல் 300 பிள்ளைகளுக்கான முதலாவது பெரிய இல்லம் திறக்கப்பட்டது. 1870 அளவில் ஐந்து இல்லங்களில் 2050 பிள்ளைகளுக்கு இடமிருந்தது.

1857ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் முதலாம் இல்லத்தைச் சூடேற்றும் கொதிகலத்தில் ஒழுக்கு ஏற்பட்டது. அதைச் சுற்றிச் செங்கற் கட்டிடம் இருந்தமையால், நெருப்பை அணைத்து, கட்டிடத்தை இடித்தே ஒழுக்கைக் காணவேண்டும். நெருப்பில்லாவிட்டால் சிறு குழந்தைகள் குளிரில் நடுங்குவர். வேலைக்கு நாட் குறித்த பின்னர் கடுமையான வடகாற்று வீசத் தொடங்கியது. முல்லர் வேலையைத் தள்ளிப்போடவில்லை. தென்காற்று வீசும்படியும், தொழிலாளருக்கு ஊக்கமான மனம் உண்டாகும்படியும் ஜெபித்தார். குறித்த நாளன்று தென்காற்று வீசியது. அன்று மாலை, தொழிலாளர் இரவு நெடுநேரம் வேலை செய்து மறுநாள் அதிகாலையில் வருவர் என்று அதிகாரி கூற, இரவு முழுவதுமே வேலை செய்துவிடுகிறோம் என்று தொழிலாளரின் தலைவர் கூறினார். காற்றுக்காக ஜெபித்தவர், கொல்லரையும் கொத்தரையும் அழைக்க மறந்தவரல்லர். நம்பிக்கை ஒழுக்கை அடைக்காது. ஒழுக்கை அடைக்கும் மனிதன் கலங்காதிருக்க அது துணைசெய்யும்.

இவற்றை மாத்திரம் கேட்பவர், கேட்டதெல்லாம் பெற்ற பாக்கியவான் அவர் என்று எண்ணக்கூடும். அவர் பெறாதவையும் உண்டு. 1870 பெப்ரவரி 6ஆந் திகதி, முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரோடு வாழ்ந்த மனைவியார் மேரி அம்மையார் வாதக் காய்ச்சலினால் இறந்தார். இல்லங்களின் துணியையும் படுக்கையையும் கணக்கையும் கண்ணுங்கருத்துமாகப் பார்த்தவர் அவ்வம்மையார். அடக்க ஆராதனையில் முல்லரே பிரசங்கித்தார். இறைவன் நல்லவர், நன்மையே செய்பவர் என்னும் சங்கீத வாக்கியமே அவர் எடுத்த பொருள். மனைவியைப் பெற்ற நாளில் இறைவன் நல்லவர். அவரோடு வாழ்ந்த நாட்களில் நல்லவர். எடுத்துக்கொண்ட நாளிலும் நல்லவர் என்பது அவர் உரைத்ததன் சாரம். 1890 சனவரியில், எண்பத்துநான்காம் வயதில், இந்தியாவிலே ஜபல்பூரில் ஊழியஞ் செய்துகொண்டிருந்தபோது, மகள் லிதியா பிறிஸ்டலில் இறந்த செய்தி தந்தி மூலம் வந்தது. கடைசியாக முகம் பார்க்கவும் வாய்ப்பில்லை.

இவ்விடத்திலேதான் வியாபாரமும் விசுவாசமும் பிரிகின்றன. வியாபாரி சரக்கை நம்புகின்றான். சரக்கு வராவிட்டால் கணக்கை முடித்துக்கொள்வான். விசுவாசி வாக்களித்தவரையே நம்புகின்றான். கிறிஸ்தவ வேதத்தின் வாக்குத்தத்தங்களுள் மிகப் பெரியது இன்ன பொருளைத் தருவேன் என்பதன்று, உன்னோடிருப்பேன் என்பதே. அந்த வாக்கு மரணவீட்டிலும் செல்லும். ஏனைய உறுதிகள் செல்லாத இடத்திலும் செல்லும்.

முல்லர் 1898 மார்ச் 10ஆந் திகதி காலமானார். அதற்கு முன்தினம் மாலையிலும் வழக்கமான ஜெபக்கூட்டத்தை அவரே நடத்தினார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அநாதைகள் அவர் காலத்தில் பராமரிக்கப்பட்டனர். ஏறத்தாழ 15 இலட்சம் பவுண் அவர் கையூடாகச் சென்றது. அவர் விட்டுச்சென்ற சொந்தச் சொத்தின் மதிப்போ ஏறத்தாழ 160 பவுண். விடுதிக் கட்டணத்தைக் கொடாது சிறை சென்ற இளைஞர், ஒரு காசுக்கும் கணக்குத் தவறாத முதியவராக இறந்தார். அவர் வாழ்வின் அற்புதம் தென்காற்று வீசியது அன்று. இந்த மாற்றமே அற்புதம். வாக்கு மாறாதவரை நம்பி நம்பி, அவரும் வாக்கு மாறாதவரானார்.

தமக்குச் சிறப்பான விசுவாச வரம் ஏதும் கிடைக்கவில்லை, ஒவ்வொரு விசுவாசிக்கும் உரிய நம்பிக்கையே தமக்கும் உரியது என்று முல்லர் வற்புறுத்திச் சொன்னார். ஆகவே அநாதை இல்லம் கட்டாதவர்க்கும் இச்சரித்திரத்தில் பங்கு உண்டு. நாளை என்ன உண்போம் என்ற கவலையோடு இன்றைய சோற்றை உண்பவன், இன்றையதையும் இழந்தவனாகின்றான். வாக்குத்தத்தத்தை நம்பும் குடும்பத் தலைவி அரிசியை அளந்தே போடுவாள். ஆனால் வாசலில் வந்து நிற்பவரைக் கண்டு பானையை மூடமாட்டாள். வியாபாரி தராசைத் தொடும்போது அவனுடைய விசுவாசம் அளக்கப்படுகின்றது. கள்ள நிறையினாற் கிடைக்கும் இலாபம் இல்லாமலும் இறைவன் தன்னைப் போஷிப்பார் என்று நம்புகின்றானா என்பதே கேள்வி. உத்தியோகத்தன் கையூட்டை மறுக்கும்போது, தொழிலாளி கண்காணி இல்லாத நேரத்திலும் ஒழுங்காக வேலை செய்யும்போது, கடன்பட்டவன் சொன்ன தவணையிற் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, வாக்குத்தத்தம் ஏட்டிலிருந்து இறங்கி நாள் வாழ்விற் கலக்கின்றது.

காலையில் வேத வாக்கியத்தை வாசித்து ஆறுதலடைந்த ஒருவன், மாலையில் தன் பிள்ளைக்குக் கொடுத்த சிறு வாக்கை மறந்துவிட்டால், அவ்வாசிப்பினாற் பயன் என்ன? தந்தை சொன்னால் செய்வார் என்று கண்டு வளரும் பிள்ளைக்கு, பரமபிதாவின் வாக்கை நம்புதல் கடினமாக இராது. அதற்கு மாறான அனுபவம் பெற்ற பிள்ளைக்கு எத்தனை பாடஞ் சொன்னாலும் அது எளிதில் விளங்காது.

எரேமியா வாங்கிய நிலத்தின் உறுதி மட்பாண்டத்துள் இருந்தது, எருசலேம் வீழ்ந்தது, மக்கள் சிறைப்பட்டுச் சென்றனர். எழுபது ஆண்டுகள் என்று குறிக்கப்பட்ட காலம் கழிந்தபின் அவர்கள் திரும்பிவந்தனர். அந்த நாட்டிலே மீண்டும் வீடு கட்டினர், தோட்டம் வைத்தனர். தீர்க்கதரிசி அதைக் காண உயிரோடிருக்கவில்லை. ஆயினும் அவர் எழுதிய உறுதி பொய்க்கவில்லை. தாம் காணாத அறுவடைக்காக நிலம் வாங்கிய அவரைப் போன்று, நட்ட தென்னையின் காயைத் தன் பேரப்பிள்ளை பறிப்பான் என்று மகிழ்ந்து நீரூற்றும் கிழவனைப் போன்று, வாக்குத்தத்தத்தை நம்புவோன் தன் நாளின் வேலையைச் செய்துவிட்டு அமைதியாக உறங்கச் செல்கின்றான்.